ஒரே இலை, நான்கு தளங்கள்: தாவர ஓவியத்துக்கு வண்ணமும் தாளும்

[திரையில்: ஒரே செம்பருத்தி இலை, நான்கு தளங்களில்]

நான்கு இலைகளுக்கும் வாட்டர்கலர் வண்ணம் ஒன்றுதான், பிரஷும் ஒன்றுதான். மாறியது அடியில் இருக்கும் தளம் மட்டும். முதலாவதில் விளிம்பின் ஒவ்வொரு பல்லும் கூர்மையாக நிற்கிறது. இரண்டாவதில் அதே விளிம்பு பிசிறடிக்கிறது. மூன்றாவதில் இரண்டாம் பூச்சு முதல் பூச்சையே கரைத்துவிட்டது. நான்காவதில் வண்ணம் பிடிக்கவே இல்லை, திட்டுத்திட்டாகத் தேங்கிவிட்டது. படம் சரியாக வராதபோது கையைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது.

செம்பருத்தி நல்ல மாதிரி. பல் விளிம்பு, எடுப்பான நரம்பு, மேலே பளபளப்பு எல்லாம் ஒரே இலையில் இருக்கின்றன. பூ ஒரு நாளில் வாடிவிடும். அதனால் சோதனைக்கு இலையே போதும்.

[திரையில்: டியூபின் பின்பக்கம்]

முதலில் வண்ணம். டியூபின் முகப்பில் உள்ள பெயரைவிட, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீடுதான் முக்கியம். ‘சாப் கிரீன்’ என்ற பெயரில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு கலவை வருகிறது. ஒற்றை நிறமி கொண்ட மூன்று டியூப் எடுங்கள்: மஞ்சளுக்கு பி.ஒய். 150, ரோஸுக்கு பி.வி. 19, நீலத்துக்கு தாலோ நீலம், அதாவது பி.பி. 15. மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, நீலத்தைப் பிரஷ் நுனியில் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். தாலோ மிக வீரியமானது. நீலத்தில் தொடங்கினால் அதை அடக்க மஞ்சள் முழுவதும் தீர்ந்துவிடும். வரும் பச்சை கண்ணைப் பறிக்கும். ஒரு துளி ரோஸ் சேர்த்தால்தான் இலைப் பச்சையாக அடங்கும்.

இனி ஒவ்வொரு வண்ணத்துக்கும் மூன்று சோதனை. நீரில் கரையாத கறுப்புப் பேனாவால் கோடு போட்டு, அதன் மேல் வண்ணத்தைப் பூசுங்கள். கோடு மங்கினால் அந்த வண்ணம் ஒளியை மறைக்கிறது, அடுக்கடுக்கான பூச்சுக்கு உதவாது. அடுத்து, நன்கு காய்ந்த வண்ணப் பட்டையை ஈரப் பிரஷால் ஐந்து முறை தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றுங்கள். தாலோ தாளில் கறையாகத் தங்கிவிடும். அல்ட்ராமரைன் நீலம், அதாவது பி.பி. 29, ஓரளவு எழும்பி வரும். ஆனால் அல்ட்ராமரைன் மணல்மணலாகப் படியும் குணம் கொண்டது. வழவழப்பான இலையில் அந்த மணல் நோய்ப்புள்ளி போலத் தெரியும்.

மூன்றாவது வெயில் சோதனை. ஒரு பட்டையின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் வையுங்கள். பழைய அலிசரின் கிரிம்சன் சிவப்பு, பி.ஆர். 83, வெளிறும். ஓபரா பிங்கில் உள்ள ஒளிரும் சாயமும் வெளிறும். பூவிதழுக்கு அவற்றை நம்பினால் சில வருடங்களில் இதழ் வேறு நிறமாகிவிடும்.

[திரையில்: ஹாட் பிரஸ் தாள்]

இப்போது தளம். முதல் தேர்வு ஹாட் பிரஸ், அதாவது சூடாக அழுத்திய தாள்: 100 சதவீதப் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்). வழவழப்பாக இருப்பதால் மெல்லிய நரம்பும் நிற்கும். சிக்கல் முதல் பூச்சில்தான். இலை வடிவத்துக்குள் சுத்தமான நீரைப் பூசிவிட்டுக் காத்திருங்கள். கண்ணாடி போல மின்னும்போது வண்ணம் விட்டால் நீர் அதைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃப்ளவர் போன்ற கறை விழும். ஈரம் போன பிறகு விட்டால் ஓரத்தில் கடினமான கோடு நிற்கும். அந்த மினுமினுப்பு அடங்கி, பட்டுத்துணி போன்ற மங்கிய பளபளப்பு வரும் அந்தச் சில நொடிதான் நேரம். அதன் பிறகு எல்லாமே உலர் பிரஷ் வேலை: நனைத்த பிரஷை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, நுனியால் மட்டும் சிறு சிறு கோடுகள். ஒரு பூச்சு முழுதாகக் காயாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

நல்ல தாளிலும் சில இடங்களில் கரும்புள்ளி விழும். தாளின் மேல் உள்ள பசைப்பூச்சு, அதாவது சைஸிங், அங்கே தேய்ந்திருக்கும். அழுத்தி அழித்த ரப்பரும் மாஸ்கிங் டேப்பும் அதைச் செய்யும். ஈரமான இடத்தில் வைத்த பழைய தாளிலும் சைஸிங் போய்விடும். ஒரு சொட்டு நீர் விடுங்கள், சட்டென உறிஞ்சினால் அந்தத் தாளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டோவியத்தை டிரேசிங் தாளில் முடித்துவிட்டு, நல்ல தாளுக்கு மாற்றினால் ரப்பரே தேவைப்படாது.

இரண்டாவது கோல்ட் பிரஸ், சொரசொரப்பான தாள். அதன் மேடுபள்ளம் இலை விளிம்பைக் கெடுக்கும். மரப்பட்டை, காய்ந்த காய் போன்றவற்றுக்கு அதே சொரசொரப்பு உதவும்.

[திரையில்: கன்றுத்தோல்]

மூன்றாவது, ஓவியம் வரையப் பதப்படுத்திய கன்றுத்தோல். இது வேறு உலகம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா ரோபேர் வரைந்த செடிகளோடு வளர்ந்த தோல் ஓவியத் தொகுப்பு, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. தோல் வண்ணத்தை உறிஞ்சாது, மேலேயே தாங்கும். நிறம் துலங்குவதும், அடுத்த ஈரப் பிரஷ் பட்டதும் கீழ்ப்பூச்சு கழன்று வருவதும் அதனால்தான். மெல்லிய பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) பொடியை வட்டவட்டமாகத் தேய்த்து எண்ணெய்ப்பசையை எடுத்து, பொடியைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கிட்டத்தட்ட காய்ந்த பிரஷால் மட்டும் வண்ணத்தை ஏற்றுங்கள். பளபளப்பு வேண்டிய இடத்தில் ஈரப் பிரஷால் ஒற்றி எடுத்தால் தோலின் நிறமே ஒளியாகத் திரும்பிவரும். காற்றின் ஈரத்தில் தோல் நெளியும். அட்டையில் இழுத்துப் பொருத்துவது அவசியம்.

நான்காவது யூப்போ, முழுக்க பாலிபுரோப்பிலீன் தாள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் விலகி ஓடும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நீர் ஆவியாகித்தான் காய வேண்டும், அதனால் நேரமாகும். பத்து அடுக்கு ஏற்றும் படத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வெள்ளை வரை துடைத்தெடுத்து மறுபடி பூசிப் பார்க்க மட்டும் நல்ல தளம்.

[திரையில்: சோதனைத் துண்டின் பின்பக்கம்]

ஒவ்வொரு துண்டின் பின்னாலும் நிறமிக் குறியீடு, தளத்தின் பெயர், பூச்சுகளின் எண்ணிக்கை, தேதி நான்கையும் எழுதுங்கள். தாளுக்கும் தோலுக்கும் பென்சில் போதும், யூப்போவுக்கு மார்க்கர் பேனா.