மூட்டு வலிக்கு சிபிடி: சோதித்துப் பார்ப்பது எப்படி?

[திரை: காலை நேரம், பாட்டில் மூடியைத் திருக முடியாமல் விறைத்த விரல்கள்]

மார்பகப் புற்றுநோய்க்கு அனஸ்ட்ரோசோல் 1 மி.கி. அல்லது லெட்ரோசோல் 2.5 மி.கி., தினம் ஒன்று. வழக்கமாக 5 வருடம், சிலருக்கு அதற்கு மேலும். இவை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உருவாவதையே தடுக்கின்றன. கூடவே வருவது மூட்டு வலி. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் காலையில் விறைத்துப்போகும். வலி தாங்காமல் மாத்திரையையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கஞ்சாச் செடியில் உள்ள, சிபிடி எனப்படும் கன்னாபிடியாலைச் சோதிப்பதற்குக் காரணம் இதுதான்.

'சிபிடி எண்ணெய் எடுத்தேன், வலி 2 புள்ளி இறங்கியது' என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா?

[திரை: 0 முதல் 10 வரை வலி அளவுகோல்]

இதே வலிக்கு 249 பெண்களிடம் ஒமேகா-3 சோதித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. 24 வாரத்தில் ஒமேகா-3 எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.22 புள்ளி குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கோ 1.81! ஆக, வெற்று மருந்துப் பிரிவு இல்லாமல் சிபிடியைச் சோதித்தால், வலி குறைந்தது எதனால் என்றே தெரியாது.

அந்த வெற்று மருந்தைத் தயாரிப்பதிலும் சிக்கல் உண்டு. வலிப்பு நோய்க்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற சிபிடி திரவம், நல்லெண்ணெயில் கரைத்து ஸ்ட்ராபெரி சுவை சேர்த்தது, 1 மி.லி.யில் 100 மி.கி. வெற்று மருந்தும் அதே எண்ணெய், அதே சுவையில் இருக்க வேண்டும். எள் ஒவ்வாமை உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். சிபிடி தூக்கக் கலக்கமும் வயிற்றுப்போக்கும் தரும் என்பதால், தனக்கு எது கிடைத்தது என்று சிலர் ஊகித்துவிடுவார்கள். கடைசியில் 'உங்களுக்கு எது கிடைத்ததாக நினைக்கிறீர்கள்?' என்று எல்லோரிடமும் கேட்டுப் பதிவு செய்வது அவசியம்.

[திரை: எண்ணெய் மிகுந்த உணவுத் தட்டு, பக்கத்தில் வெறும் தட்டு]

பலரும் கோட்டை விடுவது சாப்பாட்டில். கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால், வெறும் வயிற்றில் எடுப்பதைவிட ஏறக்குறைய 4 மடங்கு சிபிடி ரத்தத்தில் சேரும். அளவு மாறவே இல்லை, ஆனால் உடலுக்குப் போனது நாலு மடங்கு! எனவே தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி உணவு.

இணையத்தில் விற்கிற பாட்டில் ஆய்வுக்கு ஆகாது. 2017இல் 84 தயாரிப்புகளைச் சோதித்ததில் லேபிளில் உள்ள அளவு சரியாக இருந்தவை 26 மட்டும். 18இல் போதை தரும் டிஎச்சியும் இருந்தது.

மார்பகப் புற்றுநோய்க்கான இன்னொரு மருந்தான டமோக்சிஃபென் எடுப்பவர்களை இதே ஆய்வில் கலக்கக் கூடாது. அந்த மருந்து கல்லீரல் என்சைம்களால் மாறிய பிறகுதான் முழு வேலை செய்கிறது. சிபிடி அவற்றில் சிலவற்றைத் தடுக்கக்கூடியது. கல்லீரல் ரத்தப் பரிசோதனையை, சிபிடி தொடங்கும் முன்பும், அதன் அளவு ஏற்றிய பிறகும் எடுக்க வேண்டும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்சைம் ஏறினால் சிபிடியைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.