பணத்தை எடுத்தவனிடமே பணத்தைக் கொடுத்தவர்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளையைப் பற்றிய புகாருக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் தலைகுனிந்து நின்ற பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். உங்களை மனத்தில் வைத்துத்தான் இன்று ஒருவரை நினைவுகூர வந்திருக்கிறேன். ஆகஸ்ட் ஐக்ஹார்ன். இன்னொரு முறை சொல்கிறேன், ஐக்ஹார்ன். 1878-இல் வியன்னாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், பிள்ளைகுட்டிக்காரர்.

முதல் உலகப் போர் முடிந்த 1918-இல் ஆஸ்திரியாவில் பசியும் குளிரும் வாட்டின. திருடியும் ஊர் சுற்றியும் பிடிபட்ட சிறுவர்கள் ஏராளம். ஓபர்ஹோலாப்ரூன் என்ற ஊரில், அகதிகளுக்காக எழுப்பியிருந்த மரக் கொட்டகைகளில், அவர்களுக்கென ஓர் இல்லத்தை ஐக்ஹார்ன் நடத்தினார். சீர்திருத்தப் பள்ளி என்றாலே அடியும் அதட்டலும் என்றிருந்த காலம் அது. அங்கே அடி கிடையாது.

யாரிடமும் அடங்காத 12 பையன்களை ஒரே குழுவாக்கித் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அவர்கள் ஜன்னலை உடைத்தார்கள், மேசைகளை நொறுக்கினார்கள். அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். ஒருவருக்கும் உயிராபத்து வராமல் பார்த்துக்கொண்டதோடு சரி, இவர் தண்டிக்கவில்லை. ஒருநாள் ஒருவன் ரொட்டிக் கத்தியை எடுத்து மற்றவன் கழுத்துக்கு நேரே நீட்டி, கொன்றுவிடுவேன் என்று கத்தினான். ஐக்ஹார்ன் சற்றும் பதறாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அது தம்மை மிரட்டுவதற்கான நடிப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மிரளாத மனிதரைக் கண்ட பையன் கத்தியை வீசியெறிந்து, காலை உதைத்து, ஓலமிட்டு அழுது, களைத்துத் தூங்கிப்போனான். அந்தக் குழு மெல்ல மெல்ல அடங்கியது.

எனக்கு மிகப் பிடித்த சம்பவம் வேறு. மாணவர்களிடம் பழகும் காலமெல்லாம் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கையாடிய பழக்கம் உள்ள ஓர் இளைஞன் இல்லத்துக்கு வந்தான். அவனிடமே இல்லத்துப் புகையிலைக் கடையின் பொறுப்பை ஐக்ஹார்ன் ஒப்படைத்தார். சில வாரங்களில் பணம் குறைந்தது. ஐக்ஹார்ன் அவனைக் கூப்பிட்டு அதட்டவில்லை. தம் அறைப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்க உதவச் சொன்னார். இருவரும் வேலை செய்தபடி எதையெதையோ பேசினார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக் கணக்குப் பக்கம் நகர்ந்தது. பையனுக்கு உள்ளூர நடுக்கம். கையிலிருந்த புத்தகம் நழுவி விழுந்தது. எவ்வளவு குறைகிறது என்று அப்போதுதான் கேட்டார். அவன் தொகையைச் சொன்னான்.

இனிதான் கவனிக்க வேண்டும். அந்தத் தொகையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டார். ஆம், குறைந்த பணம் முழுவதையும், ஒரு சொல்லும் சொல்லாமல் கொடுத்தார். பேச வாயெடுத்தவனைத் தலையசைத்து அனுப்பிவிட்டார். சற்று நேரத்தில் அவன் திரும்பி வந்து பணத்தை மேசைமேல் வைத்தான். உங்கள் உதவிக்கு நான் தகுதியில்லை, மறுபடி திருடுவேன், என்னைச் சிறையில் போடட்டும் என்று விம்மினான். ஐக்ஹார்ன் அவனைப் பேசவிட்டுக் கேட்டார். தன் வாழ்க்கையை முழுவதும் கொட்டினான். பணத்தைக் கடனாக வைத்துக்கொள், மெல்லத் திருப்பிக் கொடு, நீ இனி திருடமாட்டாய் என்று நம்புகிறேன் என்றார். இரண்டு மாதத்தில் கடன் தீர்ந்தது.

இதை வெறும் இரக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிடிபடப்போகிறோம் என்ற அச்சம் உச்சத்தில் நிற்கும்போது, எதிர்பாராமல் ஒரு கை ஆதரவாக நீண்டால் உள்ளே இறுகிக் கிடப்பது உடைந்து வெளிவரும். இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் அவர் செய்தார். எல்லாப் பையனிடமும் இதே வழி செல்லும் என்று அவர் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சட்டைப் பையில் பத்து ரூபாய் குறைந்ததும் பெல்ட்டை உருவும் தகப்பன்மார் ஒரு நிமிடம் இதை நினைக்கலாம். மீண்டும் சொல்கிறேன், அவர் முதலில் பணத்தைக் கொடுத்தார்; அவன் கதையைக் கேட்டதெல்லாம் பிறகுதான்.

1925-இல் வந்த அவருடைய நூலுக்கு, மனப்பகுப்பாய்வு என்ற உளவியல் முறையைத் தோற்றுவித்த ஃப்ராய்டே முன்னுரை எழுதினார். பிறகு வியன்னாவின் சிறுவர் ஆலோசனை மையங்களில் பெற்றோரையும் பிள்ளைகளையும் சந்தித்தார். ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டும் உடன்சென்று அவர் வேலை செய்வதைக் கண்டு கற்றார்.

நேரம் நெருங்குவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. அவருடைய வீட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது ஃப்ராய்டு லண்டன் போனார். தோழர்கள் பலரும் வெளியேறினார்கள். ஐக்ஹார்ன் போகவில்லை. அவருடைய மகன் டாஹாவ் வதைமுகாமில் அரசியல் கைதியாக இருந்தார். மகனை அங்கே விட்டு எல்லை தாண்ட அந்தத் தகப்பனால் முடியவில்லை. ஊரார் பிள்ளைகளுக்காகப் பொறுமையாக நின்றவர் தம் பிள்ளைக்காகவும் அப்படியே நின்றார். போருக்குப் பின் 1946-இல் வியன்னா மனப்பகுப்பாய்வுக் கழகம் திரும்பத் திறந்தபோது தலைமையேற்றார். 1949-இல் மறைந்தார். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.