நாற்றைப் பிடுங்கி நட்டால்தான் கதிர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கலைஞனுக்குப் பெருமை, சேர்ந்த குழுவில் நிலைப்பதா, வெளியேறித் தேடுவதா?’ வெளியேறித் தேடுவதே என்று பேச வந்திருக்கிறேன். என் சாட்சி, இங்கிலாந்தின் ட்ரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்ட்.

எதிரணித் தோழி, ட்ரம்ஸ் கலைஞர் ஆலன் வைட்டைக் காட்டினார். 1972-இல் யெஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவுக்கு வந்தவர், 2022-இல் கண்மூடும்வரை அதை விடவில்லை. அந்த விசுவாசத்தை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர் உட்கார்ந்த இடம் எப்படிக் காலியானது? தோழி அதைச் சொல்லவில்லையே!

1968-இல் யெஸ்ஸைத் தொடங்கியவர்களில் பில் ஒருவர். 1972-இல் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ என்ற இசைத்தட்டின் பதிவு முடிந்தது. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினெட்டு நிமிடத்துக்கும் மேல். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம்வரை ஏறிய தட்டு அது. அது கடைக்கு வருமுன்பே பில் எழுந்து போய்விட்டார். வயது 23. காசுதான் குறி என்றால் அங்கேயே இருந்திருக்கலாமே! யெஸ்ஸில் துண்டு துண்டாகப் பதிந்து, பேசிப் பேசி ஒட்டினார்கள். அவர் போய்ச் சேர்ந்த கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவிலோ, பல இரவுகளில் மேடையேறிய பிறகுதான் அடுத்து என்ன பிறக்கும் என்பதே தெரியும்.

அப்படி ஓர் இரவு, 1973 நவம்பர் 23, ஆம்ஸ்டர்டாம். வயலின் மெல்லத் தொடங்குகிறது. மெல்லோட்ரான் என்ற கீபோர்டு சேர்கிறது, பேஸ் கிட்டார் சேர்கிறது. பில் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு குச்சிகளையும் மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிவரை ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. ‘ட்ரியோ’ என்று அது இசைத்தட்டில் வந்தபோது, அந்த அடக்கத்துக்காகவே இயற்றியவர்கள் வரிசையில் அவர் பெயரும் ஏறியது. ஐயா, எங்கே அடிக்கக் கூடாது என்று ஒருவருக்குத் தெரியவந்ததே, அது அவர் வெளியேறியதால் கிடைத்த வரம்!

அப்புறம் 1976-இல் ஜெனிசிஸ் குழுவுடன் ஒரு கச்சேரிச் சுற்று, யூ.கே. என்ற குழு, தன் பெயரிலேயே ஒரு குழு, 1981-இல் மீண்டும் கிரிம்சன். 1986-இல் தொடங்கிய எர்த்வொர்க்ஸ் என்ற ஜாஸ் குழுவில் எலெக்ட்ரானிக் ட்ரம்ஸில் மெட்டே வாசித்துக் காட்டினார்.

நிலையில்லாத மனசு என்பார்கள். இல்லை. விளிம்பும் தோலும் ஒருசேர அடிபட்டுக் கணீரென்று எழும் அந்த ஸ்நேர் ட்ரம் ஓசையை எந்தக் குழுவின் பதிவிலும் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டே பில் என்று சொல்லலாம். குழு மாறியது, கை மாறவில்லை.

2009-இல் மேடையை விட்டார். 2016-இல் சர்ரே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். சரி, ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தோம். எழுபதைத் தாண்டிய பிறகு மறுபடி குச்சியை எடுத்தார், மூன்றே பேர் கொண்ட ஜாஸ் குழுவில். அதன் பெயர் பீட் ராத் ட்ரியோ. பீட் ராத், அங்கே கிட்டார் வாசிப்பவர்.