இரண்டாவது ரத்தப் பரிசோதனை எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

நாள் தள்ளிப்போயிருக்கிறது, வீட்டில் செய்த பரிசோதனையில் இரண்டு கோடு. ஐந்தாவது வாரத்தில் லேசாக ரத்தக்கசிவு. ஸ்கேன் செய்தால் கருப்பைக்குள் ஒன்றும் தெரியவில்லை. மகப்பேறு மருத்துவராக நான் அடிக்கடி பார்க்கும் நிலை இது. "குழந்தை நல்லா இருக்கா டாக்டர்?" என்று கேட்கும் பெண்ணிடம் "இன்னும் தெரியலைம்மா" என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் கஷ்டம்தான். கர்ப்பம் மிக இளசாக இருக்கலாம், கலைந்துகொண்டிருக்கலாம், கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பீட்டா எச்.சி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை உதவுகிறது. எச்.சி.ஜி. என்பது நஞ்சுக்கொடியாக மாறப்போகும் செல்கள் சுரக்கும் புரதம். அதில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு சங்கிலிகள். ஆல்ஃபா சங்கிலி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனிலும் உண்டு. பீட்டாதான் இதற்கே உரியது. அதைத் தனியாக அளக்கும் முறை 1972இல் வந்தது.

ஆனால் ரத்தத்தில் அதன் அளவைச் சொல்லும் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். ஒரே வாரக் கர்ப்பத்தில்கூட ஆளுக்கு ஆள் எண் பெரிதும் மாறும். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். இரட்டிப்பாகியே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. முதல் எண் 1500க்குக் கீழே இருந்தால், சுமார் 49 சதவீத ஏற்றமே நல்ல கர்ப்பத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். எண் இறங்கினால் கர்ப்பம் பெரும்பாலும் முடிந்துகொண்டிருக்கிறது. ஏறியும் ஏறாமலும் நின்றால் கருக்குழாய்க் கர்ப்பமோ என்று தேடுவோம். அப்புறம் ஒன்று: கருக்குழாய்க் கர்ப்பத்திலும் சிலருக்கு எண் ஒழுங்காகவே ஏறும். அதனால் ஸ்கேனை விட முடியாது.

ஆக்டிவின் ஏ, பாப்-ஏ போன்ற வேறு புரதங்களையும் ஆராய்ந்து வருகிறார்கள். கருக்குழாயில் கரு சரியாக வேரூன்றாததால் இவற்றின் அளவு மாறும் என்பது எதிர்பார்ப்பு. ஒரே ரத்தத்துளியில் விடை சொல்லும் அளவுக்கு எதுவும் இன்னும் தேறவில்லை. தேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்த இரண்டு நாள் காத்திருப்பு அவ்வளவு கொடுமை.

காத்திருக்கும்போது அடிவயிற்றில் திடீரெனக் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, இதில் எது வந்தாலும் இரண்டாவது பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோளில்கூட வலிக்கும். நடு இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.