தோள் வலி என்றுதான் நினைத்தார்: வெளிநாடு போய் எடைக்குறைப்பு ஆப்பரேஷன்

[காட்சி: வேலந்தாவளம் சோதனைச்சாவடி. காலை நேரப் பேருந்து கடந்து போகிறது.]

வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. தினமும் இந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போகிறேன். அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். எங்கள் பக்கம் துபாய், சார்ஜா என்று போனவர்கள் நிறைய. அவர்கள் போனில் இப்போது ஒரு விளம்பரம் சுற்றுகிறது. இஸ்தான்புல்லில் எடைக்குறைப்பு ஆப்பரேஷன்; ஓட்டல், கார் எல்லாம் சேர்த்து 5 நாள் பேக்கேஜ், விலையும் குறைவு.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அப்படித்தான் போனார். ஊர் திரும்பியிருந்தார்; ஆப்பரேஷன் முடிந்து 9-ஆவது நாள். பார்க்கப் போனேன். இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பெட்டி தூக்குனதுல பிடிச்சுக்கிச்சு, அம்மணி" என்றார். கையைப் பிடித்து நாடி பார்த்தேன். 124. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு ஓடக்கூடாது.

[காட்சி: இரைப்பையின் வரைபடம்]

அவருக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்கு, அதற்கு மேலும்கூட, வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விடுவார்கள். வெட்டிய ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் பின். அதில் ஓர் இடம் ஆறாமல் போனாலும் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் கசியும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைக் கசிவு உறுத்தினால் வலி தோளில் தெரியும். பெட்டி மேல் பழி போடத் தோன்றும். அண்ணனுக்கும் இதுதான்.

கைதேர்ந்த டாக்டர் செய்தாலும் 100 பேரில் ஓரிருவருக்கு இந்தக் கசிவு வரலாம். வீடு திரும்பிய பிறகும் வரலாம் என்பதுதான் சிக்கல். ஆப்பரேஷன் செய்த டாக்டர் பக்கத்து ஊரில் இருந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுப்பார். அண்ணனின் டாக்டர் கடல் தாண்டி இருந்தார். பேக்கேஜ் ஆட்களின் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. டிஸ்சார்ஜ் தாள் முழுக்கத் துருக்கி மொழி. நள்ளிரவில் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் அதைப் போன் கேமராவில் காட்டி மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

[காட்சி: விமான இருக்கை வரிசை]

அடுத்தது விமானப் பயணம். வயிற்று ஆப்பரேஷனுக்குப் பிறகு 10 நாளாவது விமானம் ஏறாமல் இருக்கச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. ரத்தக்கட்டு பயமும் உண்டு: காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம்; அது நுரையீரலுக்குப் போனால் உயிரையே எடுக்கலாம். 5 நாள் பேக்கேஜில் அந்த 10 நாள் எங்கே?

கிருமியும் உண்டு. மெக்சிகோவின் டிஹுவானாவில் ஆப்பரேஷன் செய்துகொண்டு திரும்பிய அமெரிக்கர்கள் சிலருக்குக் கடும் மருந்துக்கும் அடங்காத சூடோமோனாஸ் என்ற கிருமியின் தொற்று இருந்ததாக 2019-இல் சிடிசி எச்சரித்தது. அவர்களில் பெரும்பாலோர் போனது எடைக்குறைப்புக்குத்தான். கத்தி படாத வழியிலும் ஆபத்து வந்திருக்கிறது. 2023-இல் துருக்கியில் எடை குறைய இரைப்பையில் போடாக்ஸ் என்ற, தசையைத் தளர்த்தும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோருக்கு பொட்டுலிசம் வந்தது. தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோய் அது.

இந்த ஆப்பரேஷனே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சு அடைப்பு என்று தவித்தவர்கள் இதனால் நன்றாக இருப்பதை வார்டில் பார்க்கிறேன். ஊரார் கேலிக்குப் பயந்து, யாருக்கும் சொல்லாமல் தூர தேசம் போகிறார்களே, அதுதான் எனக்கு வேதனை.

சரி, ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கு. நாடி 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல், தோள் வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். எதையும் குடிக்காமல், இருக்கிற தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு கேஷுவாலிட்டிக்கு வாருங்கள். வாந்தி நிற்காமல் போனாலும் வாருங்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 சத்து தீர்ந்தால் மூளையே பாதிக்கும்.

அண்ணன் வாரக்கணக்கில் குழாய் வழி உணவில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை வைட்டமின் பி12 ஊசிக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார். நான்தான் போட்டுவிடுகிறேன்.