பந்து யார் கையில?

வணக்கங்க. ஃபேமிலி கோர்ட் வக்கீலாச்சே, ஓரினச் சேர்க்கையாளர் உரிமை பத்தி பேசுங்கன்னு கூப்டாங்க, வந்துட்டேன். நீங்க சமைச்சுக்கிட்டோ வண்டி ஓட்டிக்கிட்டோ கேட்டுட்டு இருப்பீங்க, அதனால செக்‌ஷன் நம்பர் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன், 377. ஓரின உறவையும் குற்றம்னு சொன்ன சட்டம், 1860ல வெள்ளைக்காரன் போட்டது. 2009ல டெல்லி ஹைகோர்ட் அதோட பல்லைப் புடுங்குச்சு, 2013ல சுப்ரீம் கோர்ட் திரும்ப உயிர் குடுத்துச்சு, குடுத்துட்டு, வேணும்னா பார்லிமெண்ட் மாத்திக்கட்டும்னு சொல்லிடுச்சு. சரின்னு 2015 டிசம்பர்ல சசி தரூர் லோக்சபால தனிநபர் மசோதா கொண்டு வந்தாரு. விவாதம்லாம் இல்லைங்க, மசோதாவை உள்ள விடறதுக்கே ஓட்டெடுப்பு. ஆதரவு 24, எதிர்ப்பு 71. 543 சீட் இருக்கற சபை, அன்னிக்கு ஓட்டு போட நூறு பேர் கூட இல்ல.

கடைசில 2018 செப்டம்பர் 6, சுப்ரீம் கோர்ட்டேதான், மேஜரானவங்க சம்மதத்தோட இருந்தா குற்றம் இல்லைன்னு சொல்லுச்சு. 2023ல ஓரின ஜோடிங்க கல்யாணத்துக்கு அங்கீகாரம் கேட்ட கேஸ் வந்தப்போ மத்திய அரசு என்ன வாதாடுச்சு? இது பார்லிமெண்ட் வேலை, கோர்ட் தலையிடக்கூடாதுன்னு. அக்டோபர்ல கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. தாலுகா ஆபீஸ்ல அந்த கவுண்டர் போங்க, இந்த கவுண்டர் போங்கன்னு அலைய விடுவாங்கல்ல, அதே கதை. 2024 தேர்தல் அறிக்கைல காங்கிரஸ், ஓரின ஜோடிங்க சேர்ந்து வாழறத அங்கீகரிக்க சட்டம் கொண்டு வருவோம்னு எழுதுச்சு, ஆனா இங்க தெருமுனை கூட்டத்துல அதைப்பத்தி ஒருத்தர் பேசி நான் கேட்டதில்ல.

சரி, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயத்துக்கு வரேன், நம்ம சென்னை ஹைகோர்ட் 2021. மதுரைல இருந்து ரெண்டு பொண்ணுங்க, வீட்ல எதிர்ப்பு, சென்னைக்கு வந்துடறாங்க. பெத்தவங்க காணோம்னு புகார் குடுக்கறாங்க, போலீஸ் தொல்லை, பாதுகாப்பு கேட்டு பொண்ணுங்க கோர்ட்டுக்கு வராங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். பொண்ணுங்களையும் பெத்தவங்களையும் கவுன்சிலிங்குக்கு அனுப்பினாரு, அதோட நிறுத்தலைங்க, இதுல எனக்கே சரியா புரிதல் இல்லைன்னு சொல்லி, மனநல நிபுணர் கிட்ட தானும் போய் உக்காந்தாரு! ஜட்ஜுங்க! வக்கீலுங்க நாங்க மணிக்கணக்கா வாதாடுவோம், எனக்கு தெரியலைன்னு மட்டும் வாய்ல வராது, டிவில கத்தறவங்களுக்கும் வராது. அவரு தன்னோட முன்முடிவுகளை தீர்ப்புலயே எழுதி வச்சாரு, ஜூன் 7ம் தேதி உத்தரவு, யாராச்சும் படிக்காதவங்க இருந்தா படிங்க. ஓரின ஈர்ப்பை குணப்படுத்தறேன்னு சொல்லி பண்ற சிகிச்சைக்கு அதுலதான் தடை வந்துச்சு. அப்புறம் 2022ல தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியே மாறி, ஓரினச் சேர்க்கையாளர்களை தொல்லை பண்ணக்கூடாதுன்னு எழுத்துல வந்துச்சு. உக்காந்து கேட்டதால வந்த வேலை இது, திரும்ப சொல்றேன், உக்காந்து கேட்டதால.

விதி இருந்தா போலீஸ் மாறிடுமான்னு கேப்பீங்க. 2025 மே மாசம் இதே ஹைகோர்ட்ல இன்னொரு கேஸ், வீட்ல அடைச்சு வச்சிருந்த பொண்ணுக்காக அவ துணை போட்ட ஆட்கொணர்வு மனு. மேஜர் பொண்ணு, அவ இஷ்டம்னு விட்டாங்க, கல்யாணம் இல்லாமலும் குடும்பம்னு ஒண்ணு அமையும்னு ரெண்டு நீதிபதிங்க சொன்னாங்க, போலீஸுக்கும் சேர்த்து குட்டு வச்சாங்க. இதையே நான் அரை மணி நேரம் பேசுவேன்...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்றாங்க, ரெண்டு நிமிஷம்தானாம். ஆஸ்பத்திரில யார் கையெழுத்து, வாடகை வீடு, வாரிசு எல்லாம் வச்சிருந்தேன், போகட்டும். இதை மட்டும் குறிச்சுக்கோங்க. சேர்ந்து வாழற ரெண்டு பேர் ஜாயிண்ட் அக்கவுண்ட் ஓபன் பண்ணலாம், ஒருத்தர் இன்னொருத்தரை நாமினியா போடலாம், தடை எதுவும் இல்லைன்னு மத்திய நிதி அமைச்சகம் சொல்லிருக்கு. ரேஷன் கார்டுலயும் ஒரே வீட்டுக்காரங்களா சேர்க்கச் சொல்லி மாநிலங்களுக்கு கடிதம் போயிருக்கு. பேங்க்ல முழிச்சாங்கன்னா தேதியைச் சொல்லுங்க, 2024 ஆகஸ்ட் 28. வணக்கங்க.