வாசிப்பைக் கேட்கும் கைப்பேசி

நேயர்களுக்கு வணக்கம். நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் நாள்தோறும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்க எந்த ஆசிரியருக்கும் நேரம் இராது. அந்தக் குறையை வாசிப்புச் செயலிகள் ஓரளவு தீர்த்து வைக்கின்றன. கூகுளின் ரீட் அலாங் செயலியில் குழந்தை சத்தமாக வாசிக்க, தியா என்னும் துணைப் பாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும். தெரியாத சொல்லைத் தொட்டால் வாசித்துக் காட்டும். கதைகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பும் வேண்டியதில்லை. 2022 ஜூனில், பள்ளி நேரத்திற்குப் பின் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இந்தச் செயலியைக் கொண்டே வாசிப்பு மாரத்தான் நடந்தது.

கைப்பேசி கேட்கட்டும், மதிப்பெண்ணையும் அதுவே போடும்போதுதான் எனக்குத் தயக்கம். ஒரு மூன்றாம் வகுப்பில், ‘பாட்டி சந்தைக்குப் போய்விட்டு வந்தார்’ என்ற வரியை ஒரு சிறுமி, ‘பாட்டி சந்தைக்குப் போயிட்டு வந்தாங்க’ என்று வாசித்தாள். கருவி இரண்டு சொற்களைத் தவறென்று குறித்தது. அடுத்து வாசித்த சிறுவன் ஒரு பிழையும் விடாமல் வேகமாக முடித்தான். பாட்டி எங்கே போனார் என்று கேட்டபோது, திரையில் விழுந்த நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தவனுக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சிறுமியோ படித்ததைப் புரிந்துகொண்டு, தன் வீட்டுப் பேச்சில், பாட்டிக்கு உரிய மரியாதையோடு சொல்லியிருக்கிறாள். அதைப் பிழைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதை ஆசிரியர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வேகக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. மூன்றாம் வகுப்பில் நிமிடத்திற்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்பது, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2021இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு. தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பது ஒரே சொல். அதையே ஒரு பதிப்பகம் இடம்விட்டு இரண்டாக அச்சிட்டால், அதே குழந்தையின் வேகம் ஒரு சொல் கூடிவிடுகிறது! ‘பொருளுணர்ந்து’ என்ற நிபந்தனையோ எண்ணிக்கைக்குள் அடங்குவதே இல்லை.

ஆகவே நான் போகுமிடமெல்லாம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: எந்தச் செயலியும் இல்லாவிட்டாலும், கைப்பேசியில் இருக்கும் ஒலிப்பதிவு வசதியே போதும். ஜூனில் ஒரு பத்தியைக் குழந்தை வாசிப்பதைப் பதிவு செய்யுங்கள். அதே பத்தியை டிசம்பரில் மறுபடி பதிவு செய்து, இரண்டையும் குழந்தைக்கே போட்டுக் காட்டுங்கள். எங்கே தடுமாறியது, எந்த லகர ளகரத்தில் நா புரளவில்லை, எங்கே மூச்சு வாங்கியது என்பதெல்லாம் காதில் விழும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாக இதை ஒலிக்கச் செய்யலாம்.

எழுத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: கைப்பேசியின் விசைப்பலகை சொற்களைத் தானே நீட்டுவதால், ‘பள்ளி’யா ‘பல்லி’யா என்று குழந்தை யோசிக்கும் வாய்ப்பே பறிபோகிறது. முதல் வரைவைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சொல் பரிந்துரையை நிறுத்திவிட்டுத் தட்டச்சு செய்யட்டும். அதன்பின் நீச்சல்காரன் என்னும் புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய வாணி போன்ற பிழைதிருத்தியில் இட்டு, அது காட்டும் சொற்களில் எது சரி என்று குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். வணக்கம்.